இருபத்திரண்டு விநாடி

ஆறுமுகநயினார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற நாலாம் மாதம், தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கடையின் படியேறி, "எனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுப்பியளா?" என்று கேட்டார்.

கடையை நடத்திய கில்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. நயினாருக்கு மகள் மாதிரி. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியதால் வட்டாரத்துக்கே அவர் டீச்சர்.

"அண்ணாச்சி, இது பழைய வீடியோ கேம் பெட்டி சரிபண்ணுற கடை. இதுல உங்களுக்கு என்ன ஆசை?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது டீச்சர்."

அது முழு உண்மை இல்லை. டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தக் கடையே ஒரு காலத்தில் கேம் கடையாக இருந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் நேரே அங்கே வருவார்கள். வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்துகிடக்கும். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, நாலு பெட்டிக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள். ஆடுகிறவன் ஒருவன், யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பையன்களுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. தோகாவிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பழைய பெட்டிகளைத் துணியில் சுற்றி, தெர்மாகோல் வைத்து, கூரியரில் அனுப்புகிறார்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'டீச்சர், டிஸ்க் சுத்துது, படம் வரலை.'

எல்லாப் பெட்டிக்கும் ஒரே நோய்தான். டிஸ்க் சுற்றும். அதைப் படிக்கிற லென்ஸுக்குப் பார்வை மங்கியிருக்கும்.

முதல் மூன்று மாதம் நயினார் பெட்டிகளைத் திறந்தார், மூடினார். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்கினார். ஒருநாள் லென்ஸின் அடியில் எள்ளளவு ஒரு திருகைக் கண்டுபிடித்தார். அதைக் கொஞ்சம் திருகி மின்சாரத்தைக் கூட்டியதும் மங்கிய லென்ஸ் பளிச்சென்று படித்தது. புதையல் கிடைத்தது போல இருந்தது அவருக்கு.

"டீச்சர், பாத்தியளா! ஒரு பைசா செலவில்லை."

டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"சரி அண்ணாச்சி. அதை இங்கேயே ஓட விடுங்க."

பதினோராம் நாள் அந்த லென்ஸ் அடியோடு அணைந்தது. டீச்சர், டிஸ்க்கைச் சுற்றிப் படிக்கிற அந்த டிரைவை முழுசாகக் கழற்றி நயினார் கையில் கொடுத்தார். அதன் பிறகு நயினார் அந்தத் திருகைத் தொடவே இல்லை.

அந்த மாதிரி டிரைவ்களை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் டிரைவையே எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையைப் பொருத்துவார்கள். அந்தப் பலகையில் மெமரி கார்டு ஒன்றைச் செருகினால் போதும். டிஸ்க்கில் இருந்த ஆட்டமெல்லாம் கார்டில் இருக்கும். சுற்றுவதற்கும் தேய்வதற்கும் உள்ளே எதுவும் கிடையாது. இந்த வேலையை டீச்சர் செய்ய நயினார் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு நயினார் செய்ய டீச்சர் பார்த்தார்.

தனியாகச் செய்யச் சொல்லி அவருக்குக் கிடைத்த முதல் பெட்டி, பிலோமியின் பெட்டி.

பிலோமினா மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. தாயாரோடு கீழத்தெருவில் இருந்தாள். அவளுடைய அப்பா கப்பலில் சமையல்காரராகப் போனவர். தொண்ணூற்றொன்பதில் ஜப்பானிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தார். கூடவே ஒரே ஒரு டிஸ்க், கால்பந்தாட்டம். அண்ணன்மார் கஸ்பாரும் தொம்மையும் அதை ஆடியே மீசை முளைத்தவர்கள்.

"இன்னும் ஆடுதாவளா?" என்று கேட்டார் நயினார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடுவாவ, சார். மத்த நாள்ல ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்க மாட்டாவ."

அப்பா இறந்த வருஷம், அவர் பேரில் இருந்த விசைப்படகைக் கஸ்பார் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைமாற்றிவிட்டார். அதிலிருந்து எட்டு வருஷமாகத் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சந்தில் திரும்பிவிடுவார். தாயார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால ஒரு மணி நேரம் இருக்கணும். வந்தார்கள். பேச ஒன்றுமில்லை. எழுந்து போகவும் முடியாது. யாரோ ஒருவர் எழுந்து பெட்டியைப் போட்டார். அப்படித் தொடங்கியதுதான்.

"இப்பம் டிஸ்க் படிக்க மாட்டேங்குது. பெட்டியைக் கவுத்து வச்சும் பாத்தாச்சு. சரியாயிருமா?"

"ஆயிரும்" என்றார் நயினார்.

இரண்டு நாள் பாடுபட்டார். டிரைவை எடுத்தார், பலகையைப் பொருத்தினார், பட்டை வயரை மூச்சுப் பிடித்துக்கொண்டு செருகினார். எதிலுமே கணக்குப் பார்க்கிற மனிதர் அவர். நல்லாயிருந்த காலத்தில் அந்த டிரைவ் ஒரு ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று, அதே ரகத்து வேறொரு பெட்டியை வைத்து அளந்தார். இருபத்திரண்டு விநாடி. பலகையில் ஒரு வசதி இருந்தது. பழைய டிரைவின் வேகத்திலும் ஓட்டலாம், முழு வேகத்திலும் ஓட்டலாம். நயினார் முழு வேகத்தை வைத்தார்.

"இருபத்திரண்டை மூணு விநாடி ஆக்கிட்டேன் டீச்சர்."

டீச்சர் அப்போது வேறொரு பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். "உங்க கை சுத்தமா இருக்கு அண்ணாச்சி" என்றார். வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பிலோமி மறுபடியும் வந்தாள். கையில் அதே பெட்டி.

"சார், இதுல பழைய டிரைவையே திருப்பி வச்சிருங்க."

நயினாருக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, ஆட்டம் நின்னுபோகுதா?"

"இல்லை."

"படம் சரியில்லையா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன்மார் பேச மாட்டேங்காவ."

"அவுக எட்டு வருஷமா பேசலைன்னுதான சொன்னிய?"

பிலோமிக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"பேசுவாவ சார். பேச்சுன்னு சொல்ல முடியாது. பெரியண்ணன் 'கால் வலி எப்படி இருக்கு'ம்பாவ. சின்னண்ணன் 'பரவால்ல'ம்பாவ. அவ்வளவுதான். சில சமயம் பாதிப் பேச்சுல ஆட்டம் வந்துரும். அந்த ஆட்டம் முடிஞ்சு அடுத்தது வர்றப்பதான் மிச்சத்தைச் சொல்லுவாவ. அம்மா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாவ. நீங்க சரிபண்ணிக் கொடுத்த பெறவு நாலு ஞாயிறு வந்தாவ. ஆடினாவ. ஒரு சத்தம் கிடையாது. அஞ்சாவது ஞாயிறு சின்னண்ணன் வரலை. ஏன்னு கேட்டா, 'ஆட்டந்தான, அதை நான் போன்லயே ஆடிக்கிடுவேன்'ங்காவ."

"அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியலை. வீட்டுல வேற எதையும் நாங்க மாத்தலை."

அவள் போனதும் நயினார் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். மூடினார். ஆட்டத்தைப் போட்டார். மூன்று விநாடியில் வந்து நின்றது. திரும்பவும் திறந்தார்.

"டீச்சர், இதுல பழுதே இல்லை. அண்ணன் தம்பி சண்டைக்குப் பெட்டி என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை இறக்கினார். அது அவருடைய சொந்தப் பெட்டி. அதன் டிரைவ் இன்னும் உயிரோடு இருந்தது.

"ஒரு ஆட்டம் ஆடுவோம் அண்ணாச்சி."

"எனக்கு ஆடத் தெரியாது."

"கார் ரேஸ்தான். சும்மா அமுக்குங்க."

டிஸ்க்கை வைத்து மூடினார். உள்ளே அது கிர்ரென்று எழும்பிச் சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து அந்தக் கறுப்பைப் பார்த்தார்கள். நயினார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்குப் புழுக்கம் சாஸ்தி."

"ஆமா."

ஆட்டம் வந்தது. நயினாரின் கார் கிளம்பிய இடத்திலேயே சுவரில் முட்டி நின்றது. டீச்சரின் கார் மூன்று சுற்றையும் முடித்து வந்தது.

"இன்னொண்ணு போடுதேன்."

மறுபடி கறுப்பு. கிர்ரென்ற சத்தம்.

"என் மவன்கிட்டயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு" என்றார் நயினார்.

"செந்தூர்கிட்டயா? ஓசூர்ல இருக்காவளே?"

"அவன்தான். பத்தாங் கிளாஸ் படிக்கயில அவன் மாமா வாங்கிக் கொடுத்தாரு. பன்னெண்டாங் கிளாஸ்ல..."

ஆட்டம் வந்துவிட்டது. இந்த முறை அவர் கார் கொஞ்ச தூரம் ஓடியது. ஒரு வளைவில் திரும்பாமல் கடலுக்குள் போனது. டீச்சர் சிரித்தார். நயினாரும் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு டிஸ்க் சுற்றத் தொடங்கியது.

"பன்னெண்டாங் கிளாஸ்ல?" என்றார் டீச்சர்.

நயினார் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படிக்க மாட்டேங்கானேன்னு, ஒருநாள் அவன் ஸ்கூலுக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்து உள்ள இருந்த ஃபியூஸைக் கழட்டிட்டேன். சாயந்தரம் வந்து பாத்தான். 'அப்பா, ஓட மாட்டேங்குது'ன்னான். 'கெட்டுப்போச்சு போல'ன்னேன்."

ஆட்டம் வந்தது. இரண்டு கார்களும் புறப்படாமல் கோட்டிலேயே நின்றன. மற்ற கார்கள் சீறிக்கொண்டு போயின. டீச்சர் ஆட்டத்தை நிறுத்தி முதலிலிருந்து போட்டார். திரை கறுத்தது.

"அதைத் தூக்கிக்கிட்டு ரெண்டு கடைக்கு அலைஞ்சான் டீச்சர். சைக்கிள்ல, பின்னால கட்டி. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஃபியூஸ் என் சட்டைப் பையில இருக்கு. பரீட்சை முடிஞ்சதும் போட்டுக் கொடுத்திருவோம்னு இருந்தேன். கடைசிப் பரீட்சை எழுதிட்டு வந்தவன், பெட்டியைப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வந்துட்டான். பெறவு எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லை. எதுவுமே கேட்டதில்லை. மாசம் ஒரு போன். 'நல்லா இருக்கியளா', 'நல்லா இருக்கோம்'. அதுக்கு மேல ஓடாது. இதை நான் யார்கிட்டயும்..."

அவர் நிறுத்தினார். திரையில் விளக்கு பச்சைக்கு மாறியது. நயினார் கையிலிருந்ததை மேசைமேல் வைத்தார். சாம்பல் பெட்டியைப் பார்த்தார். பிறகு பிலோமியின் பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்ததையும் போடவா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். அந்தக் கார்டைக் கொஞ்சம் எடுங்க."

பலகையிலிருந்து டீச்சர் எடுத்துக் கொடுத்த கார்டை நயினார் கணினியில் செருகினார். முழு வேகம் என்று தானே எழுதி வைத்திருந்த வரியை அழித்தார். பழைய வேகத்தை எழுதினார். பெட்டியில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டாம் விநாடியில் மைதானம் வந்தது.

மறுநாள் காலை, காபி குடிப்பதற்கு முன்பே, நயினார் ஓசூருக்குப் போன் செய்தார்.

"செந்தூர், ஒண்ணு சொல்லணும். உன் கேம் பெட்டி அன்னைக்குக் கெட்டுப்போகலை. ஃபியூஸை நாந்தான் கழட்டினேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தார்.

"தெரியும்ப்பா" என்றான் செந்தூர். "ரெண்டாவது கடைக்காரர் திறந்ததுமே சொல்லிட்டாரு, யாரோ கழட்டியிருக்காங்கன்னு. நம்ம வீட்டுல வேற யாருக்குப்பா ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும்?"

"பெறவு ஏம்ல எங்கிட்டக் கேக்கலை?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

அதற்குமேல் அவன்தான் பேசினான். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி என்று கேட்டான். அடுத்த மாதம் நாலு நாள் லீவு வருகிறது என்றான். இப்போது என்ன வேலைப்பா பார்க்கிறீங்க என்று கேட்டான். நயினார் சொன்னார். அவன் சிரித்த சிரிப்பு வெகுநேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் நயினாரும் பெட்டியைக் கொண்டு கீழத்தெருவுக்குப் போனார்கள்.

கஸ்பார் வந்திருந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலி சும்மா கிடந்தது.

பிலோமி வாசலில் நின்று தொம்மைக்குப் போன் செய்தாள். "மெக்கானிக் வந்திருக்காவண்ணே. ரெண்டு பேரா ஆடிப் பாத்தாத்தான் சரியா இருக்கான்னு தெரியுமாம். ஒரு அரை மணி நேரம்."

மெக்கானிக் என்றது தன்னைத்தான் என்று நயினாருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

தொம்மை வந்தார். அண்ணனைப் பார்க்காமல் தாயாரின் காலைத் தொட்டுவிட்டு, நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நயினார் பெட்டியை இணைத்தார். திரை கறுத்தது.

தாயாரின் ஜெபமாலை மணிகள் உரசுவது மட்டும் கேட்டது. நயினார் மனசுக்குள் எண்ணினார். பத்து. பதினைந்து. தொம்மை பொறுமையில்லாமல் திரும்பினார்.

"என்ன சார், முந்தி டக்குன்னு வந்துச்சு. இப்பம் பழையபடி லேட்டாகுதே?"

"அது அப்படித்தான் வரும்" என்றார் நயினார்.

ஆட்டம் வந்தது. இருவரும் ஆடினார்கள். நாற்பது தாண்டிய இரண்டு ஆண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளைச் சாய்த்துச் சாய்த்து ஆடினார்கள். கஸ்பார் ஒரு கோல் போட்டார். முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குத் திரை கறுத்தது.

இந்த முறையும் யாரும் பேசமாட்டார்கள் என்றுதான் நயினார் நினைத்தார்.

"கண்ணு டாக்டரைப் பாத்தியாமே?" என்றார் கஸ்பார். திரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"யாரு சொன்னா?"

"பிலோமி."

"பாத்தேன். ஆபரேஷன் வேண்டாம், கண்ணாடி போட்டாப் போதும்னு..."

விசில் ஊதியது. ஆட்டம் வந்துவிட்டது. ஆடினார்கள். தொம்மை ஒரு கோல் போட்டு ஈடுகட்டினார். திரை கறுத்தது.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"அப்பாவுக்கும் இடதுதான்."

தாயாரின் மணிகள் நின்றிருந்தன. ஆட்டம் வந்தது. இருவருமே மோசமாக ஆடினார்கள். பந்து வெளியே வெளியே போனது. முடிந்து, கறுத்தது.

கறுத்த திரையில் இரண்டு பேருடைய உருவமும் மங்கலாகத் தெரிந்தது.

"அந்தப் படகு இப்பம் எங்க நிக்குது?" என்றார் தொம்மை.

கஸ்பாரின் கை, பிடித்திருந்த இடத்திலேயே இறுகியது.

"தருவைகுளத்துல."

"பேரை மாத்திட்டாவளா?"

"மாத்தலை. அப்பா பேருதான் இன்னும் இருக்கு. மாசம் ஒருக்கப் போயி தூரத்துல நின்னு பாத்துட்டு வருவேன். அப்பாவை அஞ்சு மாசம் ஆஸ்பத்திரில வச்சிருந்தமே தொம்மை, படகு அந்தச் செலவுக்குத்தான் போச்சு. நீ அப்பம் மஸ்கட்ல. உங்கிட்டச் சொன்னா வேலையை விட்டுட்டு வந்து நிப்பன்னு தெரியும். அதான் சொல்லலை. எல்லாம் முடிஞ்ச பெறவு எப்படிச் சொல்லன்னு தெரியலை."

விசில் ஊதியது. திரையில் இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள் மைதானத்தில் நின்றார்கள். நடுவில் பந்து கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கடிகாரம் மட்டும் மேலே ஓடியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பந்து அங்கேயே கிடந்தது.

"அடுத்த ஞாயிறு நானும் வாரேன்" என்றார் தொம்மை. "தருவைகுளத்துக்கு."

டீச்சர் நயினாரின் முழங்கையைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பிலோமி வாசல்வரை வந்தாள். ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதிய வெயில். கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை. நயினார் குனிந்தபடியே நடந்தார். சந்தோஷமாக இருக்க வேண்டிய மனிதர் முகத்தில் அது இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அந்தப் பெட்டி மூணு விநாடியில முடிக்கிற வேலை அது. மிச்சம் பத்தொம்பது விநாடியும் உள்ள ஒண்ணுமே நடக்கலை. சுத்தலை, படிக்கலை. சும்மா கறுப்பு. உள்ள ஏதோ ஓடுதுன்னு அவுக நம்பிக்கிட்டு உக்காந்திருக்காவ. தம்பிக்காரரு கேட்டப்ப, 'அது அப்படித்தான் வரும்'னுட்டேன். ஒரு பெட்டியைப் பத்திப் பொய் சொல்லி இருபது வருஷம் பட்டேன். இப்பம் இன்னொரு பொய்யை என் கையாலயே எழுதி வச்சிட்டேனே. இது பொய்தான?"

டீச்சர் ஒரு வேப்பமர நிழல் வரும்வரை நடந்தார். அங்கே நின்றார்.

"நீங்க எக்ஸ்சேஞ்சுல இருந்தீங்கல்லா. ஒருத்தர் போன் போட்டா, அவுக காதுல மணி அடிக்குமே. அது அந்த வீட்டுல அடிக்கிற மணியா?"

"இல்லை டீச்சர். எல்லாரும் அப்படித்தான் நினைப்பாவ. அங்க அடிக்கிறது இங்க கேக்காது. கூப்பிட்டவுக காதுல கேக்கிறது, நாங்க எக்ஸ்சேஞ்சுல இருந்து தனியா அனுப்புற சத்தம்."

"முப்பத்து மூணு வருஷமும் அதைத்தான் அனுப்புனியளா?"

"ஆமா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அந்தப் பக்கம் எடுக்கிற வரைக்கும் கூப்பிட்டவுக வச்சிராம காத்துக்கிட்டு இருக்கணும்லா டீச்சர்" என்றார் நயினார். நிழலில் நின்றுகொண்டே இருந்தார்.